மஞ்சள் வெளுத்த வெள்ளிக்கிழமை

மகனே,

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர்வதற்குள் தாராவியில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த அத்தனை தமிழர்களும் இதைப் படித்து முடித்திருப்பார்கள். நம் படிப்பகத்தின் கையெழுத்துப் பத்திரிகையில் மாதாமாதம் என் வீரப் பிரதாபங்கள் வெளியாகும் அதே நான்கு பக்கங்களில் இந்த மாதம் இது வருகிறது. போன மாதம் அந்தப் பக்கங்களில்தான் நான் சயான் கோட்டையை ஒரு கையால் தாங்கி, மறு கையால் பீடி பற்றவைத்த வரலாறு வந்தது. படிப்பகத்துக்காரர்கள் இதையும் அந்த வரிசையில் ஒன்று என்று நினைத்துச் சிரிக்கத் தயாராக உட்காருவார்கள். உட்காரட்டும். உன்னிடம் தனியாகச் சொல்ல வேண்டியதை ஊருக்கு முன்னால் சொல்கிறேனே என்று உனக்குக் கோபம் வரும். நியாயந்தான். ஆனால் இப்படி எழுதுவது என் யோசனை அல்ல. யாருடைய உத்தரவு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீ அடுத்த மாதம் கப்பலேறிப் படிக்கப் போகிறாய். அதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டிய விஷயம் ஒன்று இரண்டு வருஷமாக என்னிடம் கிடக்கிறது. உன்னைப் பெற்றவன் என் அண்ணன். வளர்த்தவன் நான். ஆறு வயதில் உன்னைத் தாதர் ஸ்டேஷனில் ரயிலிலிருந்து இறக்கித் தோளில் உட்காரவைத்து, “இந்த ஊரே நம்முடையதுதான், வாடகைக்கு விட்டிருக்கேன்” என்று சொன்னேன். மில் ரிஜிஸ்டரில் என்னை பாய்லர் ஊழியன் என்று எழுதியிருக்கும். நான் ஒருநாள் லீவு போட்டால் பம்பாயில் பாதிப் பேர் துணியில்லாமல் நிற்பார்கள் என்பது என் கணக்கு. மாகிம் கடலுக்கு அடியில் எனக்கு இன்னொரு பாய்லர் இருக்கிறது, அதில் நான் தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டே இருப்பதால்தான் கடல் உப்பாகிவிட்டது என்றும் ஒருநாள் சொல்லிவைத்தேன். நீ அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லி, வாத்தியார் உன்னை மத்தியானம் வரைக்கும் பெஞ்சு மேல் நிற்கவைத்தார். வீட்டுக்கு வந்து நீ அழவில்லை, என்மேல் கோபப்படவும் இல்லை. “சித்தப்பா, கடலுக்கு அடியில கரி நனையாதா?” என்று மட்டும் கேட்டாய். அன்றைக்கே நான் திருந்தியிருக்க வேண்டும். “நம்ம கரி நனையாது” என்றேன்.

பொய் சொல்வதில் இரண்டு ஜாதி உண்டு என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். கேட்கிறவனுக்கும் பொய் என்று தெரிந்தே சொல்வது ஒன்று. அவனுக்குத் தெரியாமல் சொல்வது இன்னொன்று. முதல் ஜாதியில் நான் சக்கரவர்த்தி. இரண்டாவதில் நான் கால் வைத்ததில்லை என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. கால் வைக்கவில்லைதான். இறங்கிக் குளித்தே விட்டேன்.

நீ ட்ராம்பே ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நம் ஒற்றை அறைக் கோலியில் பிரைமஸ் ஸ்டவ்வைப் பற்றவைத்தது உனக்கு நினைவிருக்கும். டீ போடப் போகிறாய் என்று நான் டம்ளரைக் கழுவிக்கொண்டு வந்தேன். நீ ஒரு பொட்டலத்தைப் பிரித்தாய். உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு பொடி. “இது துத்தநாக ஆக்சைடு, சித்தப்பா. மாட்டுங்கா மருந்துக் கடையில வாங்கினது. தோல்ல வர படைக்கும் போடுவாங்க, பெயின்ட்லயும் போடுவாங்க. இப்பப் பாருங்க” என்று இரும்புக் கரண்டியில் ஒரு சிட்டிகை போட்டு நெருப்பில் காட்டினாய். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓரத்திலிருந்து மெல்ல மஞ்சள் பூக்க ஆரம்பித்தது. எலுமிச்சை நிறமாகி, அதற்கப்புறம் அரைத்த மஞ்சள் மாதிரியே ஆகிவிட்டது. நீ கரண்டியை வெளியே எடுத்தாய். ஆற ஆற மஞ்சள் போய் மறுபடியும் வெள்ளை.

“என்னல மந்திரம் இது?” என்றேன்.

“மந்திரமில்ல. வெளிச்சத்துல எல்லா நிறமும் கலந்து இருக்குல்லா? ஆறி இருக்கும்போது இந்தப் பொடி எதையும் முழுங்காது, எல்லாத்தையும் திருப்பி விட்டுரும். அதான் வெள்ளை. இதுக்குள்ள இருக்க எலக்ட்ரான் ஒரு பள்ளத்தைத் தாண்டினாத்தான் வெளிச்சத்தை முழுங்க முடியும். சூடாக்கினா அந்தப் பள்ளம் கொஞ்சம் குறுகிப்போகும். அப்ப ஊதாவையும் நீலத்துல கொஞ்சத்தையும் முழுங்கிரும். மிச்சம் இருக்கது நமக்கு மஞ்சளாத் தெரியுது. ஆறினா பள்ளம் பழையபடி அகலமாயிரும்.”

கரண்டும் அப்படித்தான் என்றாய். செம்புக் கம்பி சூடானால் கரண்ட் போகத் திணறும். இந்த மாதிரி ஆக்சைடுகள் நேர்மாறு, சூடேற ஏறத் தாராளமாக விடும். “அப்ப இது நம்ம செல்லையா மச்சான் மாதிரி. கோவம் வந்தாத்தான் வாயத் திறப்பான்” என்றேன். நீ சிரித்தாய். பொடியை மாத்திரை மாதிரி அமுக்கி, குட்டி உலையில் வைத்து, பத்துப் பத்து டிகிரியாக ஏற்றி ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கரண்ட் போகிறது என்று எழுதுவோம், பிறகு பத்துப் பத்தாக இறக்கியும் எழுதுவோம் என்றாய். ஏற்றும்போதுதான் எழுதியாயிற்றே, இறக்கும்போது எதற்கு என்று கேட்டேன். “போன வழியிலயே திரும்பி வருதான்னு பாக்கணும், சித்தப்பா. வராட்டி உள்ள என்னமோ நிரந்தரமா மாறிட்டுன்னு அர்த்தம்” என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று மாலைக்குள் சந்து முழுக்க, என் மகன் அணுவைப் பிடித்துக் கரண்டியில் வறுக்கிறான் என்று சொல்லி முடித்துவிட்டேன்.

அதே வருஷம்தான் நீ செல்லையாவின் மகள் பேச்சியைப் பற்றி என்னிடம் சொன்னாய். நேராகச் சொல்லவில்லை. செம்பூரில் அவள் வேலை பார்க்கும் மாத்திரைக் கம்பெனி வாசலில் உன் ஆபீஸ் பஸ் நிற்கும் என்றாய். மறுநாள், அவளுக்கு ஆறு மணிக்கு ஷிப்ட் முடியும் என்றாய். மூன்றாம் நாள், “அவ உங்களப் பத்திப் பேசினா நல்லாச் சிரிப்பா, சித்தப்பா” என்றாய். நான் செல்லையாவிடம் பேசுகிறேன் என்றேன். செல்லையா எனக்கு மச்சான் முறை. அவன் மனைவி இசக்கி என்னை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுகிறவள். அவர்களும் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். ஆனால் இசக்கிக்கு ஒரு வழக்கம் உண்டு. அம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்க்காமல் அவள் ஒரு காரியமும் தொடங்க மாட்டாள். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலத்தில் கட்டிப் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. சந்தில் யார் வீட்டில் பூக்கட்டிப் பார்த்தாலும் முன்னால் நின்று நடத்துகிறவன் நான்தான், உனக்குத் தெரியும்.

இதற்கு நடுவில்தான் மாட்டுங்காவிலிருந்து ஒரு சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒரே மகள், பட்டதாரி, உனக்குக் கொடுக்க நினைத்தார். நாற்காலியில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். உன் உத்தியோகத்தைப் பற்றிக் கேட்டார். நான் சொன்னேன். நான் சொன்னதில் பாதி உண்மையாக இருந்தால் இந்நேரம் ட்ராம்பே நிலையமே உன் பெயரில் இருக்கும். அவர் அத்தனையையும் நம்பினார், மகனே. அந்த அம்மாளும் நம்பினாள். அந்தப் பெண் கதவோரம் நின்று கண்ணை விரித்துக் கேட்டாள். ஐம்பது வயதுக்கு மேல் என் கதையைக் கேட்கப் புதிய காதுகள் கிடைத்தன. பேச்சியோ பிறந்ததிலிருந்து என் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள். நான் பாதி சொல்லும்போதே மீதியைச் சொல்லிவிடுவாள். “மாமா, போன தடவ அந்தத் திமிங்கலம் இருபது அடியில்லா? இப்ப எப்படி முப்பதாச்சு?” என்பாள். அவள் என் வீட்டுக்கு மருமகளாக வந்தால் நான் வெறும் பாய்லர் ஊழியனாகிவிடுவேன். இதுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது அகப்படுகிறதா என்று இரண்டு வருஷமாகத் தேடுகிறேன், அகப்படவில்லை.

தை மாதம், வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். நீ உலையை விட்டு வர முடியாது என்று சொல்லியிருந்தாய். செல்லையா வீட்டில் பதினைந்து இருபது பேர். பூப் பொட்டலத்தை இசக்கி எடுத்து வைத்ததும் நான் கையை உயர்த்தினேன். “பூவெல்லாம் சின்னக் காரியத்துக்கு, தங்கச்சி. இது என் மகன் கல்யாணம். அம்மன்கிட்ட நெருப்புல உத்தரவு கேப்போம்” என்றேன். மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தேன். ஊரிலிருந்து வந்த கோயில் திருநீறு என்றேன். அது மாட்டுங்கா மருந்துக் கடையில் வாங்கிய உன் துத்தநாகப் பொடி. திருநீறு திருநீறாகவே இருந்தால் அம்மன் வாய் திறக்கவில்லை; மஞ்சள் பூத்தால் கல்யாணம் என்றேன். கரி அடுப்பைக் கனிய ஊதிவிட்டுக் கரண்டியை வைத்தேன். நெருப்பு எனக்குத் தொழில். எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று எனக்குத் தெரியும்.

மஞ்சள் பூத்தது. இசக்கி குலவையிட்டாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். செல்லையா துண்டால் கண்ணைத் துடைத்தான். பேச்சி கதவுக்குப் பின்னாலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். அவள் முகம் இருந்த இருப்பை நான் வர்ணிக்கப் போவதில்லை, எனக்கு அந்த யோக்கியதை இல்லை. நான் கரண்டியை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி நடுவில் வைத்தேன். வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். அவர்கள் கண் முன்னாலேயே அது வெளுத்தது. ஓரத்தில் தொடங்கி, நடுவில் ஒரு பொட்டளவு மஞ்சள் மிஞ்சி, அதுவும் போயிற்று. குலவை எப்போது நின்றது என்று தெரியவில்லை. “குடுத்துட்டா, எடுத்துக்கிட்டா” என்றேன், தாழ்ந்த குரலில்.

ஒரு பெண்ணுக்குக் கேட்ட உத்தரவில் மஞ்சள் போய்ச் சாம்பல் வந்தால் அந்தச் சபையில் என்ன அர்த்தம் கொள்வார்கள் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. இசக்கி மகளை இழுத்து முந்தானைக்குள் மூடிக்கொண்டாள். அந்த அளவுக்குப் போகும் என்று நான் யோசிக்கவில்லை என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். யோசித்தேன். அப்படி ஆனால் இந்தச் சம்பந்தம் மறுபடி தலையெடுக்காது என்றுதான் யோசித்தேன். கூடவே இன்னொன்றும் செய்தேன். இந்த விஷயம் உன் காதில் விழுந்தால் தோஷம் உன்னையும் பிடிக்கும் என்று சொல்லி எல்லோரிடமும் சத்தியம் வாங்கினேன். உனக்கு வந்து, “பூக்கட்டிப் பாத்தோம், வரல. அவுக வேண்டாம்னுட்டாக” என்று சொன்னேன். கரண்டி என்ற வார்த்தையை நீ கேட்டிருந்தால் அந்த நிமிஷமே உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். அதற்குத்தான் அந்தச் சத்தியம். நீ எனக்குக் கற்றுக்கொடுத்ததை வைத்தே உன்னை ஏமாற்றினேன். நீ சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனாய். அடுத்த மாதமே செம்பூர்ப் பக்கம் குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டாய். மாட்டுங்கா சூப்பிரண்டு அந்தச் சித்திரையில் மகளை டெல்லி மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். எனக்குச் சொல்லியனுப்பக்கூட இல்லை.

நான் உடைத்தது ஒரு கல்யாணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேச்சிக்கு அதற்கப்புறம் மூன்று இடத்திலிருந்து வந்தார்கள். மூன்று பேரையும் சந்துக்குள் யாரோ ஒருவர் நிறுத்தி, அம்மன் மஞ்சளைக் கொடுத்து எடுத்துக்கொண்ட பெண் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாவதாக, இந்த மாதம் வந்தவர்கள் சயானிலிருந்து பழத்தட்டோடு வந்து, குழாயடி வரைக்கும் வந்து, அங்கேயே திரும்பிவிட்டார்கள். நான் அப்போது குழாயடியில் வாளியோடு நின்றிருந்தேன். இசக்கி அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டே என்னிடம் வந்தாள். “அண்ணே, உங்க வாக்குக்குத்தான் அம்மன் கட்டுப்படுதா. எம்மவளுக்காக இன்னொருக்க கேட்டுச் சொல்லுங்கண்ணே” என்றாள். என் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவளே குனிந்து குழாயை அடைத்தாள்.

மறுநாள் காலை பொடியும் கரண்டியுமாகச் செல்லையா வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொன்னேன். எல்லாவற்றையும், மாட்டுங்கா காபி உட்பட. சொல்லி முடித்ததும் செல்லையா என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். முதுகைக்கூடத் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவன் என் தோளில் கையைப் போட்டான். “மச்சான், எம்பொண்ணு மனசு தேறணும்னு இப்படி ஒரு கதை கட்டிக்கிட்டு வந்திருக்கீரு. பெரிய மனசுவே உமக்கு” என்றான். மகனே, ஆயுளில் முதல்முறையாக ஒரு உண்மையைச் சொன்னேன், அதை ஒருத்தரும் நம்பவில்லை. கரண்டியைக் காய்ச்சிக் காட்டினேன். மஞ்சள் வந்தது, போயிற்று. இசக்கி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “பாத்தியளா, இன்னமும் அதேதான் சொல்லுதா” என்று அழுதாள். பள்ளம், எலக்ட்ரான் என்று நீ சொன்னதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். என் வாயிலிருந்து வந்ததால் அதுவும் திமிங்கலமாகிவிட்டது.

பேச்சிதான் எழுந்தாள். என் பொடியைத் தொடவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, அவளே கடையில் வாங்கிய பொட்டலத்தோடு வந்தாள். கூடவே அம்மாவின் திருநீற்று மடலிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து இன்னொரு கரண்டியில் போட்டாள். இரண்டையும் ஒரே அடுப்பில் வைத்தாள். திருநீறு அப்படியே இருந்தது, பொடி மஞ்சளானது. இறக்கினாள், வெளுத்தது. மறுபடி ஏற்றினாள். “அம்மா, ஆறு தடவ குடுத்து ஆறு தடவ எடுப்பாளா ஒரு சாமி?” என்று கேட்டாள். இசக்கி கரண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அண்ணே என்று அவள் அதற்கப்புறம் என்னைக் கூப்பிடவில்லை. செல்லையா வாசலைப் பார்த்துக் கையை நீட்டினான். நான் எழுந்து வந்தேன்.

பேச்சி என் பின்னாலேயே சந்து வரைக்கும் வந்தாள். “மாமா, எல்லாரும் பாக்கச் செஞ்சீங்க. எல்லாரும் படிக்க எழுதுங்க. உங்க கதை வருமே, அதுலயே” என்றாள். அதுதான் அந்த உத்தரவு. சரி என்றேன். “உங்க மகனுக்கும் எழுதுங்க. ஆனா நான் காத்திருக்கேன்னு எழுதிராதீங்க. நான் காத்திருக்கல.” எழுதிவிட்டேன். “உங்க மேல உள்ள கோவம் ஒரு பக்கம். அவிய ஒரு வார்த்தை என்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்லா? தினம் அந்த வாசல்லதான பஸ்ஸு நின்னுச்சு. நீங்க சொன்னதக் கேட்டுக்கிட்டு அவிய பாட்டுக்குப் போயிட்டாவ.”

இதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான் அல்ல. உன்னிடம்தான் இருக்க வேண்டும். கப்பலேறப் போகிறவனுக்குப் பெரியவர்கள் நாலு புத்தி சொல்வார்கள். நான் சொல்லத் தகுதியானது ஒன்றே ஒன்றுதான், அதுவும் உன்னிடம் கற்றது. ஏறும்போது எழுதியதோடு நிறுத்தக்கூடாது என்று நீ சொன்னாய். என் வாயிலிருந்து கேட்டதை மட்டும் எழுதிக்கொண்டு நீ நிறுத்திவிட்டாய். அவளிடம் ஏதும் நிரந்தரமாக மாறிவிட்டதா, உன்னிடம் மாறிவிட்டதா என்பதை நான் இங்கிருந்து சொன்னால் அதுவும் கதையாகிவிடும். நீ போய்ப் பேசு, அல்லது பேசாமல் கப்பலேறு. இரண்டில் எதுவானாலும் என்னைத் தூது அனுப்பாதே. என்னை மன்னிக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. அது அவள் வீட்டில் கேட்க வேண்டியது, கேட்டேன், கிடைக்கவில்லை.

இன்னும் ஒன்று மட்டும் நடந்தது. அதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். திரும்பிப் போகப் போனவள் நின்று, “இப்ப எந்த பில்டிங்ல இருக்காவ?” என்று கேட்டாள். சொன்னேன். ரூம் நம்பரையும் சொன்னேன். அவள் எதிலும் குறித்துக்கொள்ளவில்லை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். அவள் அதை ஏன் கேட்டாள் என்பதற்கு என்னிடம் ஏழெட்டு அருமையான விளக்கங்கள் இருக்கின்றன. ஒன்றையும் எழுதப் போவதில்லை.

உன்
சித்தப்பன்